மெலிந்துகொண்டே போன ஸ்டாண்டு

ஆறாயிரத்து நானூற்று ஐம்பது. வெல்டருக்கு அவனுடைய அண்ணி தரவேண்டிய பாக்கி அவ்வளவு. அதில் நாலாயிரத்தை அன்று மாலை கடை சாத்துவதற்குள் இரும்புக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால், அவனுடைய வெல்டிங் மெஷின் இரும்புக்கடைக்காரருக்குப் போய்விடும். வெல்டிங் மெஷின் இல்லாத வெல்டரை அப்புறம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் அவன் பஞ்சர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நின்றுகொண்டே சொன்னான். அங்கே நாற்காலி இரண்டுதான். ஒன்றில் துப்பறிவாளர் இருந்தார். இன்னொன்றில் அவருடைய மச்சினன் இருந்தான். எழுந்து இடம் கொடுக்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை.

துப்பறிவாளரை எல்லாரும் மோப்பம் என்றுதான் சொல்வார்கள். எதையாவது மோப்பம் பிடித்ததற்காக வந்த பெயர் இல்லை. வருடம் பூராவும் ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். மச்சினன் அவருக்கு உதவியாளன். சம்பளம் வாங்குவது அவரிடம், வேலை பார்ப்பது தன் அக்காவுக்கு. அத்தான் எங்கே போனார், என்ன தின்றார் என்ற செய்தியெல்லாம் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடும்.

"திருட்டுன்னு சொன்னீங்களே, என்ன போச்சு?" என்றார் மோப்பம்.

"இரும்பு சார். முப்பது கிலோ."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"எங்கேயும் வெக்கல. ஸ்டாண்டுல இருந்துச்சு."

"ஸ்டாண்டு மேலயா?" என்றான் மச்சினன்.

"ஸ்டாண்டுலயே. ஸ்டாண்டு அப்படியே முழுசா நிக்குது. எடை மட்டும் போயிட்டே இருக்கு."

மச்சினன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "அத்தான், இது மட்டும் எங்க அக்காவுக்குத் தெரிஞ்சுது, உங்களை அந்த ஸ்டாண்டுகிட்ட டியூஷனுக்கு அனுப்பிடுவா."

மோப்பம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். மூன்று வாரமாக அவருக்கு வீட்டில் அரைச் சாப்பாடு. வாராவாரம் எடைபோட்டுப் பார்த்து, குறைந்திருந்தால்தான் மறுநாள் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய்.

வெல்டர் கதையைச் சொன்னான். அவன் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். போனால் மாதக்கணக்கு. பட்டறையைப் பார்த்துக்கொள்வது அண்ணி. இரும்புக் கட்டிகளைப் பட்டை தீட்டிக் குழிபறித்துக் கொடுக்கிற மில்லிங் மெஷின் ஒன்றைப் பழசாக வாங்கினார். உருவத்தில் சின்னதுதான். ஆனால் சின்னதுதானே என்று தூக்கப்போனவன் ஒரு வாரம் குனிய முடியாது. அதை நிற்க வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும். கடையில் வாங்கினால் மெஷின் விலையில் பாதி கேட்கிறான். கொழுந்தன் வெல்டராக இருக்கும்போது கடை எதற்கு?

"கிலோவுக்கு இருநூத்திப் பதினஞ்சுன்னு பேச்சு. நாலிஞ்சு சதுரக் குழாய்ல நாலு காலு, மேல தடிச்ச தகடு. அடிச்சு, பச்சை பெயிண்ட் அடிச்சு, இரும்புக்கடைத் தராசுல அண்ணி கண்ணு முன்னாலயே ஏத்தினேன். நூத்தி எழுபது."

"அப்புறம்?"

"மெஷின் ஆடுதுன்னு ஒரு வாரம் கழிச்சு ஸ்டாண்டைத் தூக்கி எடை போட்டிருக்காங்க. நூத்தி அறுபது. அடுத்த வாரம் நூத்தம்பது. போன வாரம் நூத்தி நாப்பது. எல்லாம் அதே தராசு. நிக்கிற எடைக்குக் காசு குடுத்துட்டாங்க, அது குழாய்க்கும் பழைய கடனுக்கும் போயிடுச்சு. காணாமப்போன முப்பது கிலோவுக்குத் தர மாட்டாங்களாம். நான் ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டேன்னு பட்டறைக்குள்ளயே விட மாட்டேங்குறாங்க."

"வெட்டின தடம் இருக்கா?"

"தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பாக்க விட்டாங்க. காலு நாலும் இருக்கு. தகடு இருக்கு. எனக்கே பைத்தியம் பிடிக்குது சார்."

அதைச் சொல்லும்போது மட்டும் வெல்டர் மேசையைப் பார்த்துச் சொன்னான். மோப்பம் கவனித்தார். கவனித்ததை என்ன செய்வது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினார்.

"சரி. கண்டுபிடிச்சா பாக்கியில பத்துல ஒரு பங்கு எனக்கு."

*

பட்டறை ஒரே அறை. பகலிலேயே குழல்விளக்கு எரிந்தது. ஜன்னல் மூன்றிலும் சாக்கை மடித்துத் திணித்திருந்தது. கதவின் அடியில் பழைய போர்வை சுருட்டிக் கிடந்தது. உள்ளே எண்ணெய் நாற்றமும் வெக்கையும் சேர்ந்து ஆளைப் பிடித்துத் தள்ளின. இப்படிப்பட்ட அறையில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள் கோபக்காரர்களாக இல்லாமல் வேறு எப்படி இருப்பார்கள்.

பட்டறையம்மா தலையில் துணி கட்டி, கையில் கை டிரில்லோடு நின்றார். பச்சை ஸ்டாண்டின் மேல் மில்லிங் மெஷின். அதன் மேல் சாம்பல்நிறப் பூனை. மெஷினுக்குத் தடித்த துணியில் உறை தைத்துப் பாதி ஏற்றிவிட்டிருந்தது. உறையின் ஓரத்தில் நாடாக்கள் தொங்கின.

வெல்டர் வாசல்படியிலேயே நின்றுகொண்டான்.

பட்டறையம்மா அவனைப் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்தார். "உன் சித்தப்பன் படியைத் தாண்டி ஒரு காலு வெச்சா இந்த டிரில்லு என் கையில இருக்குன்னு சொல்லு."

வெல்டரும் பூனையிடமே சொன்னான். "நான் வரல. துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு."

"மூணு வாரமா இப்படித்தானா?" என்று மச்சினன் கேட்டான். பூனை கொட்டாவி விட்டது.

மோப்பம் ஸ்டாண்டைச் சுற்றி வந்தார். குனிந்தார். முட்டி சத்தம் போட்டது. காலை எண்ணினார். நாலு. மறுபடி எண்ணினார்.

"இன்னொரு தடவை எண்ணுங்க அத்தான். அஞ்சு வந்தாலும் வரும்."

"ஏம்மா," என்றார் மோப்பம், "ஜன்னலை எல்லாம் எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்க? மூச்சு முட்டுது."

"மண்ணு." பட்டறையம்மா அந்த வார்த்தையை எதிரியின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். "மில்லிங் மெஷினுக்கு மண்ணு ஆகாது. உள்ள போச்சுன்னா அரிச்சுத் தின்னுடும். தினம் காலையில வந்து பாத்தா கீழ மண்ணு கிடக்கு. ஒரு ஜன்னலை அடைச்சேன். நிக்கல. எல்லா ஜன்னலையும் அடைச்சேன். நிக்கல. உறையைத் தரை வரைக்கும் இழுத்துக் கட்டினேன். அப்பவும் நிக்கல. எவ்வளவு இறுக்கறேனோ அவ்வளவு வருது."

"எங்க அந்த மண்ணு?"

"கூட்டி மூலையில ஒரு தட்டுல கொட்டி வெச்சிருக்கேன். பூனை போயிட்டு வரும். இந்த வீட்டுல சந்தோஷமா இருக்கற ஒரே ஜீவன் அதுதான்."

மோப்பம் மூலைக்குப் போனார். தட்டு எங்கே என்று கண் தேடுவதற்குள் கால் கண்டுபிடித்துவிட்டது.

"துப்பு கெடச்சிருச்சு," என்றான் மச்சினன்.

மோப்பம் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தபோது பட்டறையம்மா பெருமூச்சு விட்டார். அவருக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. மெஷின் ஆடுவதால் வெட்டுகிற இரும்பில் அலை அலையாய்க் கோடு விழுகிறது. ஒரு கூடைச் சாமானை வாங்கின கம்பெனி அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. "நான் ஏமாத்தறவ இல்ல சார். எடை நின்னா காசும் நிக்கும். இன்னைக்கு நாலாவது கொக்கியையும் போட்டு இறுக்கிக் கட்டிடறேன். அப்புறம் பாருங்க."

"முதல்ல அந்தத் தராசைப் பாக்கணும்," என்றார் மோப்பம். வெளிக்காற்று வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

*

இரும்புக்கடை பட்டறைக்கு அடுத்த வாசல். கடைக்காரர் தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வெல்டிங் மெஷினைக் கொண்டு வர்றதுக்கு," என்றார் யாரும் கேட்காமலே. "வாங்கறதுக்கு ஆள் கூட வந்து பாத்துட்டுப் போயிட்டான். எனக்கென்ன ஆசையா? குழாயைக் கடனுக்குக் குடுத்தேன். நாலாயிரம் வந்தா வண்டி சும்மா நிக்கும்."

"உங்க தராசு சரியாக் காட்டுமா?"

கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏறி நில்லுங்க."

மோப்பம் ஏறினார். முள் ஆடி நின்றது. தொண்ணூற்று ஒன்று.

"பாத்தீங்களா," என்றார் கடைக்காரர். "போன மாசம் ஆணி வாங்க வந்தப்பவும் ஏறி நின்னீங்க. அன்னைக்கும் தொண்ணூத்தி ஒண்ணு. உங்களை மாதிரியே என் தராசும் மாறவே இல்ல."

மச்சினன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். வலையில் மீன் முட்டியதைக் கையால் உணர்ந்தவன் முகம்.

"இருங்க இருங்க. போன மாசம் தொண்ணூத்தி ஒண்ணா? ஆனா மூணு வாரத்துக்கு முன்னாடி வீட்டுத் தராசுல தொண்ணூத்தி ஆறு. இப்போ தொண்ணூத்தி ஒண்ணு. அஞ்சு கிலோ குறைஞ்சிட்டார்னு அக்கா தெரு பூரா சொல்லி வெச்சிருக்கா. வெண்ணெய் வேற."

"மச்சான், இங்க விசாரணை தராசைப் பத்தி."

"நானும் தராசைப் பத்தித்தான் பேசறேன். நடுவுல அஞ்சு கிலோ எங்கிருந்து ஏறி எங்க இறங்குச்சு?"

மோப்பம் தராசிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் தப்பித்துவிடலாம் என்பதுபோல ஒரு முறை தரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முதல் நாள் எடை போட்டப்ப பாக்கெட்ல கொஞ்சம் சாமான் இருந்துச்சு."

"என்ன சாமான்?"

"ஒரு ஸ்பானர் செட்டு."

"ஐயோ அத்தான்."

"வாராவாரம் ஒண்ணு ரெண்டை எடுத்து வெளிய வெச்சேன். அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் வெண்..."

அங்கே நின்றுவிட்டார். மூக்கு உறிஞ்சுவதும் நின்றுவிட்டது. இரண்டு வருடத்தில் மச்சினன் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. டாக்டரைக் கூப்பிட வேண்டுமோ என்றுகூட நினைத்தான்.

"மச்சான்," என்றார் மோப்பம். "நான் மெலியல."

"அது ரோட்டுல போறவனுக்கே தெரியும்."

"ஸ்டாண்டும் மெலியல. பாக்கெட்டு காலியாயிட்டு வருது. வாராவாரம் பத்து, பத்து, பத்துன்னு குறைஞ்சுதே, எந்தத் திருடன் அப்படி அளந்து எடுப்பான்? அதுக்குப் பாக்கெட்டு நாலு. மூணு காலி. ஜன்னலை அடைச்சும் உள்ள வர்ற மண்ணு, வெளிய இருந்து வரவே இல்ல."

தராசிலிருந்து குதித்து ஓடினார். முள் சுழியத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டறையம்மா தரையில் உட்கார்ந்து நாலாவது காலின் அடியில் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று கால்களிலும், தரைக்கு ஒரு விரல் உயரத்தில், உறையின் நாடாவைக் கட்டுவதற்கான கொக்கிகள். தினமும் இழுத்துக் கட்டி அவிழ்த்ததில் கொக்கிகள் தளர்ந்து ஆடின. மோப்பம் முதல் தடவை குனிந்தபோது கால்களை எண்ணினாரே தவிர, கொக்கிகளைப் பார்க்கவில்லை.

"அம்மா, இதுல எந்தக் கொக்கி முதல்ல போட்டது?"

"இந்த மூலையில இருக்கறது. ஸ்டாண்டு வந்து ரெண்டு நாள்ல. தூசி படாம இருக்கட்டுமேன்னு உறை தைச்சு ஒரு பக்கம் கட்டினேன். அப்புறம் மண்ணு வந்துச்சா, அடுத்த கால்லயும் ஒண்ணு போட்டேன். அப்புறமும் வந்துச்சா..."

"சரி. இப்போ நாலாவதைப் போடுங்க. நான் பாக்கறேன்."

டிரில் சத்தம் போட்டது. முனை பச்சைப் பெயிண்டைத் தொட்டது.

"அண்ணி, வேண்டாம்." வெல்டர் படியைத் தாண்டி உள்ளே ஓடி வந்து காலைக் கட்டிப்பிடித்தான். "அந்தக் காலையாவது விட்டுடுங்க அண்ணி."

மூன்று வாரத்தில் பூனையின் வழியாக இல்லாமல் அவன் அண்ணியிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஆனால் டிரில் அவனைவிட வேகம். முனை உள்ளே போய் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே, சன்னமான நூல்போல, காய்ந்த மணல் கொட்டத் தொடங்கியது.

பூனை மெஷினிலிருந்து இறங்கி வந்து, மணலை முகர்ந்து பார்த்து, காரியத்தைத் தொடங்கியது.

"மச்சான், அடை," என்றார் மோப்பம். மச்சினன் அவசரத்தில் சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டான். மணல் நின்றது. விரலும் அங்கேயே நின்றது.

"இதோ உங்க திருடன்," மோப்பம் கொக்கியைக் காட்டினார். "தூசிக்குப் பயந்து ஒவ்வொரு காலா நீங்களே துளை போட்டுத் தொறந்து விட்டிருக்கீங்க. மெஷின் ஆட ஆட மண்ணு இறங்கிடுச்சு. மண்ணு இறங்க இறங்க மெஷின் இன்னும் ஆடிச்சு. அது சரி. இரும்புக் குழாய்க்குள்ள மண்ணு எப்படி வந்துச்சு? அதை இப்போ காலைக் கட்டிப்பிடிச்சுட்டு இருக்கறவர் சொல்லணும்."

வெல்டர் கையை எடுத்தான். நெற்றியை அதே கையால் துடைத்தான். முகமெல்லாம் மணல்.

"மண்ணு போட்டா ஆட்டம் இருக்காது அண்ணி. காய வெச்சு, சலிச்சு, நாலு கால்லயும் நெரப்பித் தட்டி அடைச்சேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன். எங்க தொழில்ல எப்பவும் செஞ்சு முடிச்சதைத்தான் எடை போடுவோம். பெயிண்டெல்லாம் காஞ்சப்புறம். அதே வழக்கத்துல இதையும் தராசுல ஏத்திட்டேன். நூத்தி எழுபது காட்டினப்பதான் மண்ணையும் சேர்த்து ஏத்திட்டேன்னு உறைச்சுது. நீங்க பக்கத்துல நின்னு, பலே தம்பி, நல்ல கனமா அடிச்சிருக்கேன்னு சொன்னீங்க. வாய் வரல."

"இரும்பு விலையில மண்ணு," என்றான் மச்சினன் தரையிலிருந்து. "கிலோ இருநூத்திப் பதினஞ்சு. மண்ணு லாரிக்காரன் கேட்டா மயக்கம் போட்டுடுவான்."

"அப்புறம் எடை குறைய ஆரம்பிச்சப்ப எனக்கும் ஒண்ணும் புரியல. அடைச்சு வெச்ச மண்ணு எப்படி வெளிய போகும்? வெளிய சொல்லவும் முடியல."

பட்டறையம்மா எழுந்தார். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அப்போ காணாமப்போன முப்பதும் மண்ணு. அதுக்கு நான் எதுவும் தர வேண்டியதில்ல."

"இல்ல அண்ணி."

"இந்தக் கால்ல இன்னும் இருக்கற பத்துக் கிலோவுக்கு நான் காசு குடுத்துட்டேன். ரெண்டாயிரத்து நூத்தம்பது. அதை நீ எனக்குத் தரணும்."

வெல்டர் தலையை ஆட்டினான். காலையில் பணம் வாங்க வந்தவன் மாலையில் கடன்காரன். நாள் பூராவும் சுமந்த மூட்டையை இறக்கப்போகும்போது இன்னொன்றை மேலே வைத்தால் கழுத்து எப்படி இறங்குமோ அப்படி அவன் கழுத்து இறங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தள்ளுவண்டியின் சத்தம் கேட்டது. எண்ணெய் விட்டும் ஒரு சக்கரம் கீச்சிட்டது. இரும்புக்கடைக்காரர் வாசலில் தலையை நீட்டினார்.

"கடை சாத்தப் போறேன். நாலாயிரமா, மெஷினா?"

வெல்டர் பாக்கெட்டிலிருந்து, வெல்டிங் மெஷின் இருக்கிற தன் கொட்டகையின் சாவியை எடுத்தான். நீட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டறையம்மா அவனைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். கம்பெனி திருப்பி அனுப்பிய கூடையைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"தம்பி, வந்த முதல் ரெண்டு நாள் இந்த மெஷின் வெண்ணெய் மாதிரி வெட்டுச்சு. ஒரு கோடு இல்ல. மெஷின் ராசின்னு நெனச்சேன். அது உன் மண்ணா?"

"ஆட்டத்தை எல்லாம் அது வாங்கிக்கும் அண்ணி."

"சொல்லித் தொலைச்சிருந்தா நெரப்பின கூலின்னு தனியாக் குடுத்திருப்பேன்ல."

"கேட்டிருந்தா நானும் துளை போடாதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

"மெஷினா, நாலாயிரமா?" என்றார் கடைக்காரர். இந்த முறை மெஷினை முதலில் சொன்னார்.

"கொஞ்சம் நில்லுங்க. இவன் மெஷினை நீங்க தள்ளிட்டுப் போனா இந்த நாலு துளையை யாரு அடைக்கறது?"

"ஊர்ல வேற வெல்டரே இல்லையா?"

"இருக்காங்க. என்னைத் திட்டுனாலும் வாங்கிக்கற கொழுந்தன் இவன் ஒருத்தன்தான்." பட்டறையம்மா மேசை இழுப்பறையைத் திறந்து பணத்தை எடுத்தார். எண்ணி, வெல்டரிடம் கொடுக்காமல் நேராகக் கடைக்காரர் கையில் வைத்தார். "நாலாயிரம். அடுத்து வாங்கப்போற கடைசல் மெஷினுக்கும் ஒரு ஸ்டாண்டு வேணும் தம்பி. அதுக்கு இது முன்பணம். மண்ணு போட்டே அடி. ஆனா கிலோ கணக்கு இல்ல, ஸ்டாண்டு ஒண்ணுக்கு இவ்வளவுன்னு ஒரே விலை. அந்த ரெண்டாயிரத்து நூத்தம்பது இந்த ஸ்டாண்டுக்கு மண்ணு நெரப்பின கூலி. துளையை அடைச்சு மறுபடி நெரப்பறது நீ வாய் திறக்காததுக்குத் தண்டனை. அதுக்குக் காசு கிடையாது."

கடைக்காரர் எண்ணிப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். கீச்சுச் சத்தம் அடுத்த வாசல் வரைக்கும் போய் அடங்கியது.

வெல்டர் சாவியைப் பாக்கெட்டில் போட்டான். இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டான்.

"என் பங்கு?" என்றார் மோப்பம்.

"பாக்கியில பத்துல ஒண்ணு அத்தான்," என்றான் மச்சினன். "பாக்கியே இல்ல. அதுல பத்துல ஒண்ணு என்னன்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன். ஸ்பானர் கணக்கையும் சேர்த்தே கேட்டுடறேன். இப்போ யாராவது என் விரலை எடுங்க."

விரல் வரவில்லை. வீங்கிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, இடுப்பைப் பிடித்து மோப்பம் இழுக்க, தோளைப் பிடித்து வெல்டர் இழுக்க, மூன்று பேரும் பூனையின் தட்டில் போய் விழுந்தார்கள். விரல் வந்துவிட்டது. பட்டறையம்மா கொக்கியைத் திருகித் துளையை மூடினார். பிறகு ஜன்னலில் திணித்திருந்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். காற்று வந்தது.

வெல்டர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வாரம் தூங்கவிடாமல் அடித்த தொகை, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அப்போ அந்த ஆறாயிரத்து நானூத்தம்பது, அண்ணி?"

பட்டறையம்மா துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது மண்ணு தம்பி. தினமும் காலையில நான்தானே பெருக்கித் தள்ளினேன்."